செல்லையா அண்ணையின் தண்ணி மெசினும் சிக்னஸ் ஏயும்

மூன்று வாரமாகக் காலை ஏழு மணியானால் ஏரியலில் விழும் வானொலி அலையைப் பேப்பரில் கோடாக வரையும் சார்ட் ரெக்கோடரின் பேனை பைத்தியம் பிடித்ததுபோல் ஆடும். பத்து மணிக்குத்தான் அடங்கும். நாங்கள் பதிய நினைத்த சிக்னஸ் ஏ என்ற தொலைதூர விண்மீன் மண்டலமோ அந்த ஆட்டத்துக்கு நடுவிலேயே ஏரியல்களைக் கடந்து போய்விடும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் பௌதிக ஆய்வுகூடத்தில் ரெக்னீசியன். புத்தூரில் நாலு தோட்டக் காணிகளில் கம்பு நட்டுச் செப்புக்கம்பி இழுத்து, நாலு ஏரியலையும் கேபிளால் ஒரு கொட்டிலுக்குள் இணைத்திருந்தோம். குறைந்த அலைவெண் வானொலித் தொலைநோக்கி என்று பெயர். பார்ப்பவர்களுக்கு உடுப்புக் காயப்போடும் கொடி.

ஆராய்ச்சிக்குப் பொறுப்பான விரிவுரையாளரை நாங்கள் சேர் என்போம். அவர் பேப்பரைப் பார்த்தார்.

"மிஸ், உம்மடை சோல்டர் சரியில்லை. எல்லா ஜொயின்டையும் திருப்பிச் செய்யும். வருசப்பிறப்புக்குள்ளை ஒண்டும் வராட்டில் கழட்டுவம்."

பங்குனி வெயிலில் நின்று மூன்றுமுறை ஈயம் உருக்கி எல்லா இணைப்பையும் திருப்பிப் பற்றவைத்தேன். விரல் கொப்பளித்ததுதான் மிச்சம்.

ஒருநாள் பேனை ஆடவேயில்லை. ஆனால் அன்று சோல்டர் வேலைக்காக இரண்டு ஏரியல்களைக் கழற்றி வைத்திருந்தேன். சிக்னஸும் பதியவில்லை. வெறுத்துப்போய் வெளியே வந்தால், பக்கத்துத் தோட்டத்துச் செல்லையா அண்ணை பழுதான, மண்ணெண்ணெயில் ஓடித் தண்ணி இறைக்கும் மெசினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அதன் ஸ்பார்க் பிளக்கில் அடிக்கும் பொறிதான் இத்தனை நாளும் எங்கள் ரிசீவரில் இரைந்திருக்கிறது.

"அண்ணை, நாங்கள் தூரத்து நட்சத்திரக் கூட்டம் ஒண்டைப் பதியிறம். காலமை ஏழு பத்திலை இருந்து ஒரு மணித்தியாலம் மெசினை நிப்பாட்டுவியளோ?"

"வெயில் ஏற முதல் இறைக்காட்டில் வெங்காயம் என்னத்துக்கு ஆகும், பிள்ளை? உங்கடை வெள்ளிக்கூட்டம் நாளைக்கும் வரும்தானே?"

"ஓம். நாலு நிமிசம் முந்தி வரும்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம்."

"அப்ப முந்தி முந்தி வந்து, நான் மெசின் துடங்க முதல் போகட்டுமன்."

எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. அந்த நாலு நிமிடத்துக்கு அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டியவளே நான். கணக்குப் பார்த்தேன். நாளுக்கு நாலு நிமிடப்படி பதினெட்டு நாளில் எழுபத்திரண்டு நிமிடம்; ஏழு மணிக்கு முதலே கடந்து முடிந்துவிடும். வருசப்பிறப்புக்கு இருபது நாள் இருந்தது.

சேரிடம் பதினெட்டு நாள் பொறுக்கச் சொன்னேன். "தோட்டக்காரன் சொல்லியோ ஆராய்ச்சி?" என்றார் சேர். கழற்றிய ஏரியல்கள் இரண்டையும் திருப்பி மாட்டினேன். சோல்டரிங் அயனைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

பதினெட்டாம் நாள் காலை ஆறு மணிக்குப் பேனை மெல்ல எழும்பியது. அலை அலையாக, ஒழுங்காக, உயர்ந்து தணிந்தது. ஏழு மணிக்கு மெசின் சத்தம் கேட்டபோது சிக்னஸ் ஏ கடந்து முடிந்திருந்தது.

சேர் பேப்பரை வாங்கி அலைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். கடைசியில், "திகதி போட்டனீரோ?" என்று மட்டும் கேட்டார்.

இளையவர்களுக்குச் சொல்வது இதுதான்: கருவியில் இரைச்சல் வந்தால் அதைப் பிரிக்க முதல், வேலிக்கு அங்கால் யார் என்ன வேலை செய்கிறார் என்று ஒருக்கால் போய்ப் பாருங்கள். போனால் அவரோடு கதையுங்கள்.