மூடி மாறிய செவ்வாய்க்கிழமை

நகர மண்டபத்தின் 'நாளொரு படம்' போட்டியில் அறுபத்திரண்டு பேரில் முதலிடம். அதற்குப் பிறகும் ஒரு நாளும் தவறாமல் நானூற்றுப் பதினொரு அட்டைகள். ஒரு படத்தைக் காலை முழுக்க நின்று பார்த்துவிட்டு, மறுநாளும் வந்து பார்த்த முன்பின் தெரியாத ஒரு பெண்மணி. தம்பி ஜெயித்தவை இவை. இலைக்குச் சிவப்பு பூசியதற்காகப் பள்ளியில் அடி வாங்கியவன் அவன். சிவப்பும் பச்சையும் அவன் கண்ணுக்கு ஒரே மண்ணிறம்.

வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் அவனுக்கு வேலை. வண்ணம் கலக்கப் போனவனை ஒரே வாரத்தில் பட்டி தேய்க்க அனுப்பிவிட்டார்கள். கையில் உப்புத்தாளோடு பதினாறு வருடம். மயிரிழை மேடு இருந்தாலும் அவன் விரல் சொல்லிவிடும். அப்படியும் பட்டறைக்காரர் அவனுக்குக் கேலியாக வைத்த பெயர் 'கலர் டாக்டர்'.

வீட்டில் அவனுக்குக் கண்ணாக இருந்தவள் அக்கா. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் சரிபார்க்கிற வேலை. மிச்சமான சுவர்ப் பெயின்டை ஜாம் பாட்டில்களில் ஊற்றி, ஒவ்வொரு மூடியிலும் நிறத்தின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தாள். தம்பி அதைப் படித்துப் படித்துத்தான் வரைவான். படத்தில் பெயர் மட்டும் போடமாட்டான். கேட்டால், "கோடு என்னுது, கலர் உன்னுது. யார் பேரைப் போடறது?" என்று வாயை அடைத்துவிடுவான்.

போட்டிக்குத் தொடர்ந்து பன்னிரண்டு நாள் படங்கள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நண்பகலுக்குள் கொடுத்துவிட வேண்டும். அன்று காலை எட்டு மணிக்கு, அவன் குளிக்கப் போயிருந்த நேரத்தில், முடிந்த பதினொரு அட்டைகளையும் அக்கா மேசையில் வரிசையாகப் பரப்பினாள். அந்த வாரம் முழுக்க அவளுக்கு இரவு வேலை; வரைந்தவற்றை அவள் பார்த்திருக்கவில்லை. முதல் ஆறும் பழுதில்லை. ஏழாவதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். புல்வெளி சிவப்பு. நடுவில் தபால் பெட்டி பச்சை. அடுத்த நான்கும் அப்படியே.

செவ்வாய்க்கிழமை பாட்டில்களைக் கழுவித் துடைத்து அடுக்கியவள் அவள்தான். அப்போதுதான் மூடிகள் மாறியிருக்கின்றன. பெயரைப் பாட்டிலில் ஒட்டாமல் மூடியில் ஒட்டிய புத்திசாலியும் அவளேதான்.

"இன்னொரு தடவ யாராச்சும் என் கலரப் பார்த்துச் சிரிச்சா, பிரஷ்ஷை அடுப்புல வச்சிடுவேன்" என்று தம்பி போன மாதம் சொன்னது காதில் ஒலித்தது. விளையாட்டுக்குச் சொல்கிறவன் இல்லை. மண்டபத்துக்குப் பட்டறைக்காரரும் வருகிறார். குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா பச்சையைத் திறந்து, புல்லின் மேல் ஓர் இழுப்பு இழுத்தாள். தண்ணீர்ச் சத்தம் நின்றது.

தலை துவட்டியபடி வந்தவன், வழக்கம்போல அட்டைகளை விரலால் தடவிக்கொண்டே போனான். ஏழாவதில் விரல் நின்றது.

"இது ஈரமா இருக்கே. யாரு கை வச்சது?"

"தூசி ஒட்டியிருந்துச்சுடா."

"தூசிக்கு யாராவது பெயின்ட் அடிப்பாங்களாக்கா?"

அக்கா இரண்டு பாட்டில்களையும் அவன் பக்கம் நகர்த்தினாள். "செவ்வாய்க்கிழமை மூடிய மாத்திப் போட்டுட்டேன்டா. சிவப்பு மேல பச்சை மூடி."

"அப்போ புல்லு?"

"சிவப்பு."

"தபால் பெட்டி?"

"பச்சை."

"எத்தனை நாளா?"

"அஞ்சு."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். பார்வை அடுப்பங்கரைப் பக்கம் போனது. அக்கா பிரஷ்ஷைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"நீ இப்போ பாரு," என்றான் கடைசியில். "அக்காவா பார்க்காத. பொத்தான் பார்ப்பியே, அப்படிப் பாரு. தேறுமா, கழிக்கணுமா?"

அவள் குனிந்தாள். பதறாமல் அந்தப் படங்களை அவள் பார்த்தது அப்போதுதான். "புல்லெல்லாம் தீப்பிடிச்ச மாதிரி இருக்கு. அந்தப் பெட்டி மட்டும் நடுவுல குளுகுளுன்னு நிக்குது." நிமிர்ந்தாள். "தப்புதான்டா. ஆனா நான் கழிக்கமாட்டேன்."

"என் மேல சத்தியமா?"

"பொத்தான் விஷயத்துல நான் பொய் சொல்லி நீ பார்த்திருக்கியா?"

அவன் எழுந்து ஈரத்துணியால் அவளுடைய பச்சை இழுப்பை ஒற்றி எடுத்தான். அடியில் காய்ந்திருந்த சிவப்பு அப்படியே இருந்தது. பிறகு வெளியே போனான். கட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு வாசலிலிருந்து சலித்த மணல் ஒரு கிண்ணம், அங்கே வேலை செய்த மரவேலைக்காரரிடமிருந்து மரத்தூள் ஒரு கிண்ணம் கொண்டுவந்தான்.

"நிஜமான சிவப்பு எதுன்னு சொல்லு. இதுதான் கடைசி. இனிமே கேக்கமாட்டேன்."

அவள் காட்டினாள். சிவப்பில் மணலைக் கொட்டினான்; பச்சையில் மரத்தூளை. கண் மூடிக்கொண்டு இரண்டிலும் விரல் விட்டுப் பார்த்தான். ஒன்று கரகரத்தது, மற்றது பொதபொதத்தது. மூடிகளைக் குப்பைக் கூடையில் எறிந்துவிட்டு, பன்னிரண்டாவது படத்துக்கு உட்கார்ந்தான். வரைந்தது மூடியில்லாத அந்த இரண்டு பாட்டில்களை. இந்தத் தடவை அவன் எதையும் கேட்கவில்லை. அவளும் எதையும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஒன்பதரைக்கு அட்டையை வெயிலில் வைத்துவிட்டுக் கடிகாரத்தையும் அட்டையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மண்டபத்தில் அட்டைகளைப் பிரித்ததும், அவள் பயந்த ஆள் பின்னால் நின்றார்.

"என்ன கலர் டாக்டர், புல்லுக்கு ஜுரமா?" வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள்.

"ஆமாண்ணே," என்று தம்பி பன்னிரண்டாவது அட்டையை நீட்டினான். "தொட்டுப் பாருங்க."

பட்டறைக்காரர் தொட்டார். கரகரப்பில் விரல் நின்றது. எடுக்காமல் பச்சைக்கு நகர்த்தினார். பிறகு மறுபடி சிவப்புக்கு. சிரித்தவர்களில் ஒருவர், "எங்க, நானும் பார்க்கறேன்" என்று கை நீட்டினார்.

மேசைக்குப் பின்னாலிருந்த எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். "பேரு எங்க? பேரில்லாம வாங்கமாட்டோம். கடைசிப் படத்துல போட்டாப் போதும், சீக்கிரம்."

தம்பி அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பேனாவை வாங்கி, மணலும் மரத்தூளும் படாத வெள்ளை மூலையில், ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினான். கீழே தேதியையும் போட்டான்: பதினேழு மார்ச், இரண்டாயிரத்துப் பத்தொன்பது.