துப்பாக்கி எங்க வீட்டுது

ஜெயமேரி அக்காவுக்கு வாய் அதிகம் என்பதில் எங்கள் ஊரில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. விடியற்காலையில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பமெட்டு மலை ஏறிக் கேரளாவுக்குப் போகிற ஜீப்பில் டிரைவருக்குப் பக்கத்து சீட் அவருடையது. டிரைவர் வளைவில் வேகமாகத் திருப்பினால் திட்டுவார். மெதுவாகப் போனாலும் திட்டுவார். மலைக்கு மேலே போனால் அந்த ஊர் முதலாளியை மலையாளத்திலேயே திட்டுவார். ஆனாலும் பெண்கள் அவர் வராத ஜீப்பில் ஏறமாட்டார்கள். கூலியில் யாராவது கைவைத்தால் கேட்பதற்கு அந்த வாய் வேண்டியிருந்தது.

நான் அடுத்த வீட்டுக்காரன். எங்கள் ஊர் சுருளிப்பட்டியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. பாதிப் பேர் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், பாதிப் பேர் காளியம்மன் கோயிலுக்கு. திராட்சைப் பந்தலுக்குள் காட்டுப்பன்றி நுழைந்தால் மட்டும் எல்லாரும் ஒரே சாதி.

அக்காவின் வீட்டுக்காரர் எட்வின் அண்ணன் அவருக்கு நேர் எதிர். வைதால் சிரிப்பார், இன்னும் கொஞ்சம் வைதால் தோட்டத்துக்குப் போய்விடுவார். குத்தகைக்குப் பிடித்த தோட்டத்தில் பன்னீர் திராட்சை போட்டிருந்தார். பக்கத்துத் தோட்டம் வேல்பாண்டியுடையது. வேல்பாண்டியின் மகன் மதன்குமார் ஒன்றாம் வகுப்புப் படிக்கிறான், ஆறு வயது. பள்ளி விட்டதும் பையைத் திண்டில் எறிந்துவிட்டு எட்வின் அண்ணனைத் தேடித்தான் ஓடுவான். ‘மாமா, மாமா’ என்று அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டே திரிவான்.

எட்வின் அண்ணனிடம் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. லைசென்ஸ் கிடையாது. அப்படித் துப்பாக்கி வைத்திருந்தவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல என்பதும், அது ஊருக்கே தெரியும் என்பதும், போலீஸ் கேட்டால் ஊருக்கே தெரியாது என்பதும் எங்கள் பக்கத்து நடைமுறை. பன்றிக்குக் காது கூர்மை. துப்பாக்கியின் மேலே இருக்கிற சுத்தியல் விசையைப் பின்னால் இழுக்கிற சின்னச் சத்தம் கேட்டாலே கூட்டம் கலைந்துவிடும். அதனால் காவலுக்குப் போகிறவர்கள் வெடிமருந்தைக் கெட்டித்து, விசையையும் முன்கூட்டியே இழுத்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். விடிந்ததும் விசையை இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் லேசாகத் தட்டுப்பட்டாலே வெடித்துவிடும்.

குருத்து ஞாயிறு அன்று எட்வின் அண்ணன் இறக்கவில்லை. பவனிக்கு நேரமாகிவிட்டது என்று துப்பாக்கியைத் தோட்டத்து மோட்டார் ரூமில் உரச்சாக்குக்குப் பின்னால் செருகிவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தார். குளித்துவிட்டுக் குருத்தோலையோடு கோயிலுக்குப் போனார். பூசை முடிந்து தண்ணீர் பாய்ச்சத் தோட்டத்துக்குத் திரும்பினார். மதன்குமாரும் பின்னாலேயே போனான். அவர் மோட்டார் ரூம் வாசலில் குனிந்து குழாயை மாட்டிக்கொண்டிருந்தபோது பயல் சாக்குக்குப் பின்னால் இருந்ததை இழுத்திருக்கிறான்.

வெடிச்சத்தம் கேட்டு வேல்பாண்டிதான் முதலில் ஓடிப் பார்த்தான். எட்வின் அண்ணன் கம்பம் ஆஸ்பத்திரிக்கு உயிரோடு போய்ச் சேரவில்லை.

அன்று சாயங்காலமே ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். அந்தத் துப்பாக்கி யாருடையதென்று யாருக்கும் தெரியாது. யாரோ காட்டு வழியாகப் போனவன் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். பயல் எடுத்து விளையாடியிருக்கிறான். செத்தவர் பெயரையும் கெடுக்க வேண்டாம், மற்றத் தோட்டங்களுக்கும் போலீஸ் வர வேண்டாம். “ஏழு வயசுக்குக் கீழ எது செஞ்சாலும் சட்டப்படி குத்தமே இல்லையாம்ப்பா. பயலுக்கு ஒண்ணும் வராது” என்றார் கோயில் கமிட்டியில் இருக்கிற மரிய ஜோசப். வேல்பாண்டியும் தலையாட்டினான். எட்வினைக் காட்டிக்கொடுக்க அவனுக்கும் மனம் வரவில்லை. போலீஸ் கேட்டபோது ஜெயமேரி அக்காவும் தெரியாது என்றே சொன்னார். எனக்கும் அன்றைக்கு அது கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரிந்தது.

துப்பாக்கிக்கு ஆள் இல்லை என்று ஆனதும் மிச்சம் இருந்தது அந்தப் பயல் மட்டும்தான். டி.வி.க்காரர்கள் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். ஆறு வயதுக் கொலையாளி என்று டி.வி.யில் எழுத்து ஓடியது. செல்போன் விளையாட்டுதான் காரணம் என்றார் ஒருவர். வளர்ப்பு சரியில்லை என்றார் இன்னொருவர். இப்போதே கூர்நோக்கு இல்லத்தில் போடாவிட்டால் பெரியவனாகி என்ன செய்வான் என்று ஒரு அம்மாள் கண்ணை உருட்டினார். வேல்பாண்டி வீட்டில் இருப்பது பட்டன் போன். அதில் பாம்பு விளையாட்டுகூடக் கிடையாது. அதை யார் கேட்டார்கள்? வாட்ஸ்அப்பில் ஒரு கூட்டம் இதற்கு மதச்சாயம் பூசியது. பூசினவன் கையில் கிடைத்திருந்தால் நானே இரண்டு வைத்திருப்பேன்.

ஊர்க்காரர்களும் சும்மா இருக்கவில்லை. தாங்கள் சொன்ன கதையைத் தாங்களே நம்ப ஆரம்பித்தார்கள். பயல் முழியே சரியில்லை என்றார்கள். பள்ளியில் அவன் பக்கத்தில் பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சத்தம் அடங்குகிற வரைக்கும் பையனை அனுப்பாதீர்கள் என்று தலைமையாசிரியர் தன்மையாகச் சொன்னார். வேல்பாண்டி தோட்டத்தை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போவதென்று முடிவெடுத்தான்.

ஈஸ்டர் முடிந்த வாரம் ஒரு சேனல்காரர்கள் கம்பத்தில் கல்யாண மண்டபம் பிடித்து இதைப் பற்றி மக்கள் விவாதம் வைத்தார்கள். பாதிக்கப்பட்டவர் என்று ஜெயமேரி அக்காவைக் கூப்பிட்டார்கள். அக்காவின் மகன் ரெக்ஸ் கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் வேலை செய்கிறான். அவனும் வந்திருந்தான். புறப்படுகிற நேரத்தில் வீட்டுக்குள் சத்தம். எங்கள் சுவர் வழியாக எல்லாம் கேட்டது.

“பயலோட அப்பன் ஆத்தாளுக்குத் தண்டனை குடுக்கணும்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் பேசாத” என்றான் ரெக்ஸ்.

“எதுக்குடா அவுகளுக்குத் தண்டனை? துப்பாக்கி அவுகளுதா?”

“அம்மா, அப்பா செத்துட்டாரு. செத்தவரு மேல பழியைப் போடப் போறியா? அப்படிப் பேசினேன்னா நான் இனி இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்.”

பிறகு அக்காவின் குரல் வந்தது. “அவரு செத்துட்டாருலே. இனி அவருக்கு என்ன பழி வந்தாலும் தாங்குவாரு. அந்தப் பிள்ளை எப்படித் தாங்கும்?”

ரெக்ஸ் மண்டபத்துக்கு வரவில்லை. நான்தான் டி.வி.எஸ்.ஸில் கூட்டிக்கொண்டு போனேன். வழி முழுக்க அக்கா வாயே திறக்கவில்லை. எனக்கு அது பயமாக இருந்தது.

மேடையில் வக்கீல் ஒருவர், மனநல மருத்துவர் ஒருவர், ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி ஒருவர். சட்டப்படி இது குற்றமில்லை என்றார் வக்கீல். குழந்தையைத் திரும்பத் திரும்பப் பேசிக் காயப்படுத்தாதீர்கள் என்றார் மருத்துவர். அவருக்கு மட்டும் கைதட்டல் இல்லை. பிறகு தொகுப்பாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அம்மா, உங்க கணவரைக் கொன்ன அந்தச் சிறுவனுக்கு நீங்க சொல்ல விரும்புறது என்ன?” என்று மைக்கை நீட்டினார்.

அக்கா எழுந்து நின்றார்.

“துப்பாக்கி எங்க வீட்டுதுங்க” என்றார்.

மண்டபத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அக்கா தன் வழக்கமான குரலுக்கு வந்துவிட்டார்.

“என் வீட்டுக்காரரோடது. பன்னி சுட வச்சிருந்தாக. மருந்தைக் கெட்டிச்சு, விசையை இழுத்தபடியே மோட்டார் ரூமுல சொருகிட்டுக் கோயிலுக்கு வந்துட்டாக. அப்படி வைக்காதீகன்னு நான் எத்தனையோ வாட்டி வஞ்சிருக்கேன். போலீஸ்ல தெரியாதுன்னு சொன்னேன், பொய்தேன். அந்தப் பிள்ளை யாரையும் கொல்லலைங்க. பெரியவுக நாங்க பண்ணின தப்பை அது கையில குடுத்துட்டு, எல்லாரும் தள்ளி நின்னுக்கிட்டோம்.”

“அம்மா, நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க…” என்றார் தொகுப்பாளர்.

“நான் ஒண்ணும் படலை. நீங்கதேன் எந்நேரமும் கத்திக்கிட்டு இருக்கீக.”

அன்று ராத்திரி ஒளிபரப்பில் இந்தக் கடைசி வரியை மட்டும் வெட்டிவிட்டார்கள். மற்றதெல்லாம் வந்தது.

அடுத்த நாள் ஊர் அக்காவோடு பேசவில்லை. போலீஸ் வந்து தோட்டம் தோட்டமாகத் தேடியது. அதற்குள் சுருளியாற்றுக்குள் பல துப்பாக்கிகள் போயிருக்கும் என்று நினைக்கிறேன். அக்காவை ஸ்டேஷனில் பகல் முழுக்க உட்கார வைத்து எழுதி வாங்கினார்கள். கூப்பிடும்போது வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். ரெக்ஸ் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டான். மரிய ஜோசப் கோயில் வாசலில் அக்காவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஸ்டேஷனிலிருந்து அக்கா தன் வீட்டுக்குப் போகவில்லை. நேராக வேல்பாண்டி வீட்டுக்கு வண்டியை விடச் சொன்னார் என்னை. வாசலில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்திருந்தார்கள். வேல்பாண்டியின் மனைவி மூக்கம்மாள் அக்காவைக் கண்டதும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அக்கா அவளை விலக்கிவிட்டு உள்ளே போனார்.

மதன்குமார் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். இடது கையால் சோற்றை அள்ளிக்கொண்டிருந்தான். வலது கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தான்.

“அன்னையிலேருந்து இப்படித்தேன் திங்கிறான் மதினி. அந்தக் கையை எடுக்கவே மாட்டேங்கிறான்” என்றாள் மூக்கம்மாள்.

அக்கா அவனுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். பயல் நிமிர்ந்து பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே, “மாமா என்னைய வைவாகளா அத்தை?” என்று கேட்டான்.

“உன்னைய எதுக்குலே வையணும்? அந்தச் சனியனை அங்கன வச்சது அவுக. வைய வேண்டியது நாந்தேன். மோட்சத்துக்குப் போயி நிக்க வச்சு வையிறேன் பாரு, அந்த மனுசனை.”

பயல் பதறிப்போய் நிமிர்ந்தான். தொடைக்குக் கீழே இருந்த கையை உருவி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“வையாதீக அத்தை” என்றான். “மாமா பாவம்.”

ஊரையே வாயால் அடக்குகிற ஜெயமேரி அக்கா பயல் கையை விடாமல் உட்கார்ந்து அழுதார். அண்ணன் செத்த அன்றுகூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.