புளி போட்டு மினுக்கிய டொலர்

பிள்ளைகளே, உங்கள் இருவரில் ஒருவருக்கும் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். அம்மாவுக்கு வாசிக்க வரும். ஆனால் அவர் பத்திரிகையைப் பின்பக்கமாகத் திறந்து, மரண அறிவித்தல்களைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார். இந்தப் பக்கத்துக்கு வரமாட்டார் என்று நம்புகிறேன். என்றாவது யாராவது உங்களுக்கு இதை வாசித்துக் காட்டினால், அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

போன மாரியில் நடந்தது. நான் அஜின்கோர்ட்டில் சாப்பாட்டுக் கடையில் கவுண்டரில் நிற்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். இடியப்பப் பார்சல் வாங்க வந்த ஒருவர் சில்லறை தந்தார். அதில் ஒரு லூனி, அதுதான் எங்கள் ஒரு டொலர் நாணயக் குற்றி, பாதி பொன்னிறமாகவும் பாதி வெள்ளையாகவும் இருந்தது. மேலே பூசும் பித்தளை ஒரு பக்கத்தில் விழாமல், உள்ளே இருக்கும் உருக்கு அப்படியே தெரிந்தது. என் சட்டைப் பையிலிருந்து ஒரு டொலரை எடுத்துக் கல்லாவில் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டேன்.

பிழையாக அடிபட்ட காசுகளை நான் தேடித் திரிந்ததை நீங்கள் அப்பாவின் விசர் என்றுதான் நினைத்தீர்கள். காசு அடிக்கும் ஆலையில் எப்போதாவது ஒரு பிழை நடக்கும். படம் ஓரத்தில் விழும், ஒரு பக்கம் வெறுமையாக வரும், பூச்சு விடுபடும். ஒருவர் கண்ணிலும் படாமல் அது வெளியே வந்துவிடும். அந்தப் பிழை ஆலையிலேயே நடந்ததா, வெளியில் வந்தபின் யாரும் செய்ததா என்று பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். உண்மைதான் என்றால் காசை ஒரு பிளாஸ்ரிக் கூட்டுக்குள் அடைத்து, இன்ன பிழை என்று எழுதித் தருவார்கள்.

அந்த எழுத்துத்தான் எனக்கு வேண்டியிருந்தது. எங்கள் வீட்டு ஹோல் சுவரில் உங்கள் சேர்ட்டிபிக்கற்றுகள் வரிசையாகத் தொங்குகின்றன. கராத்தே, பியானோ, கணிதப் போட்டி. அம்மாவின் தாதி உதவியாளர் படிப்பும் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். அந்தச் சுவரில் எனக்கென்று ஒன்றும் இல்லை. இந்தக் காசுகளைப் பற்றி மட்டும்தான் நானாகத் தேடிப் படித்தேன். இரண்டு முறை வேறு காசுகளைக் கொண்டுபோனேன்; பின்னால் யாரோ கெடுத்தது என்று திருப்பித் தந்துவிட்டார்கள். மகள் அப்போது கேட்டது நினைவிருக்கிறது.

“அப்பா, உங்கட ட்ரெஷர் இண்டைக்கும் வெறும் டொலர்தானா?”

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

இம்முறை எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. றிச்மண்ட் ஹில்லில் ஒரு மண்டபத்தில் நாணயம் சேர்ப்பவர்கள் கூடும் சனிக்கிழமைக்காகக் காத்திருந்தேன். முதல்நாள் வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகமுன் அதைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தேன். ஒரு நல்ல காரியத்துக்கு முன் எதையும் அங்கே வைத்து எடுப்பதுதானே எங்கள் பழக்கம். கை படாமல் போட்டு வைத்திருந்த பிளாஸ்ரிக் உறையோடு வைக்க மனம் வரவில்லை. கடவுளுக்கு முன்னால் பிளாஸ்ரிக்கைச் சுற்றி வைப்பதா என்று யோசித்து, வெளியே எடுத்து வெறும் காசாக வைத்தேன்.

வேலை முடிந்து வந்தபோது அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு நின்றார்.

“இஞ்சை பாருங்கோ, இப்ப எப்பிடி இருக்கெண்டு. விளக்குக்குப் புளி போடேக்கை இதையும் சேத்துப் போட்டன். உப்பும் கொஞ்சம் போட்டு, ஊற விட்டுத் தேய்ச்சனான். வெள்ளைக்காரங்களுக்கு முன்னாலை ஊத்தைக் காசைக் கொண்டுபோய் வைக்கிறதே?”

காசு பளபளவென்று இருந்தது. பிழைக் காசைக் கழுவக் கூடாது என்பதுதான் இந்த விடயத்தில் முதல் பாடம். ஒரு துணியால்கூடத் துடைக்கக் கூடாது. ஆனால் பிள்ளைகளே, இத்தனை வருடத்தில் அம்மா என் காசொன்றைத் தொட்டது அதுதான் முதல் தரம். “உந்தச் சல்லியளைப் பாத்துப் பாத்துக் கண்ணும் போகப்போகுது” என்று ஏசிக்கொண்டிருந்தவர், அன்று என் பக்கம் வந்து நின்றார்.

“வடிவாயிருக்கு,” என்றேன்.

“நாளைக்கு வரேக்கை பேப்பரோடதான் வருவியள். எனக்குத் தெரியும். ஹோலிலை இடம் பாத்து வைக்கிறன்.”

அடுத்த நாள் மண்டபத்தில் பிழைக் காசுகளைப் பார்க்கும் மேசையில் ஒரு தமிழர் இருந்தார். தமிழ்நாட்டுக்காரர், என்னைவிட இளையவர். கிழமை நாட்களில் கம்ப்யூட்டர் வேலை என்றார். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார். நிறுத்துப் பார்த்தார். விளக்கின் கீழ் மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அண்ணா, இதை எதுலயாவது ஊற வச்சீங்களா?”

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

“புளியா?”

தலையாட்டினேன். அவர் கண்ணாடியை மேசையில் வைத்தார்.

“எங்க வீட்லயும் பித்தளைன்னா புளிதான். இங்க வேற யாரும் புளின்னு கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்க.” சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. “என் மனசுக்கு இது மின்ட் ஆலையிலயே பூச்சு விழாம வந்த காசுன்னுதான் தோணுது. ஆனா ஆசிட்ல பூச்சை உரிச்சு ஏமாத்துறவங்க கொண்டு வர்ற காசும் இப்படித்தான் இருக்கும். ரெண்டையும் பிரிச்சுச் சொல்ற அடையாளம் மேல்பரப்புலதான் இருந்திருக்கணும். அது போயிடுச்சுண்ணா.”

“அப்ப உது பொய்யோ?”

“பொய்னு நான் சொல்லல. உண்மைன்னு எழுத முடியாது.”

“வேறை ஆரிட்டையும் காட்டினால்?”

“காட்டுங்க. இதையேதான் சொல்வாங்க. என்ன, இங்கிலீஷ்ல சொல்வாங்க.”

நான் இந்த நாட்டுக்கு வந்தபோது கையில் ஒரு கடதாசியும் இருக்கவில்லை. எனக்கு நடந்ததை வாயால் சொன்னேன், நம்பினார்கள். அந்தக் காசுக்கு வாய் இல்லை. காருக்குள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். ஹீற்றர் போடக்கூட நினைவு வரவில்லை.

வீட்டுக் கதவைத் திறந்தபோது நீங்கள் இருவரும் அம்மாவும் ஹோலில் இருந்தீர்கள். அம்மா சுவரில் உங்கள் பியானோச் சேர்ட்டிபிக்கற்றைக் கொஞ்சம் தள்ளி மாட்டி, நடுவில் ஓர் இடம் விட்டிருந்தார்.

“என்னவாம்?” என்று கேட்டார்.

அந்த ஒரு நொடியில் என்னால் இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடிந்தது. நான் கண்டுபிடித்தது உண்மையான காசு என்று சொன்னால், அதைக் கெடுத்தது யார் என்றும் சொல்ல வேண்டும்.

“பொய்க் காசாம். ஆரோ அசிட்டிலை போட்டு உரிச்சு ஏமாத்தியிருக்கிறாங்கள்,” என்றேன்.

மகன் போனிலிருந்து தலையை எடுக்காமல், “அப்பா, யூ காட் ஸ்காம்ட். ஃபோர் எ டொலர்,” என்றான். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“நானும் விசரி மாதிரி நம்பிப்போட்டன்,” என்று சொல்லிக்கொண்டு, சட்டத்தைப் பழைய இடத்துக்கே தள்ளி மாட்டினார்.

அதற்குப் பிறகு அவர் என் காசுகளைப் பற்றி ஏசியதும் இல்லை, கேட்டதும் இல்லை. நானும் தேடுவதை விட்டுவிட்டேன். என் வாழ்க்கையில் ஒரேயொரு முறை நான் சரியாக இருந்தேன். அதை ஒருவருக்கும் காட்ட முடியாது. அம்மாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமோ என்று இன்றும் யோசிக்கிறேன். சொல்லியிருந்தால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கைத் தேய்க்கும்போது அவர் கை ஒரு கணம் நின்றிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, ஏமாந்த அப்பாவாக இருப்பது எனக்கு லேசாக இருக்கிறது. லேசு என்றுதான் சொல்கிறேன், நோகவில்லை என்று சொல்லவில்லை.

மண்டபத்துக்குப் போன மறுநாள் காலை பால் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுத் தனியே கடைக்குப் போனேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு டொலரைப் போட்டால்தான் தள்ளுவண்டி கழலும்; அதைத் திரும்பக் கொண்டுவந்து பிணைப்பவர் கைக்கு அந்த டொலர் வரும். வாசலில் சங்கிலியால் பிணைத்திருந்த தள்ளுவண்டிகளில் ஒன்றின் துளையில் அந்தக் காசைப் போட்டேன். வண்டி கழன்று வந்தது. அதை உள்ளே கொண்டுபோகாமல், வரும் ஆட்கள் எடுக்கக்கூடியதாகக் கதவோரம் தள்ளிவிட்டு, பாலைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தேன்.