தொண்டூரில் நான் ஜெயித்த வாதம்

அறுபதுகளில் செஞ்சி வட்டாரத்துக்கு நான் அம்மை குத்தும் வேக்சினேட்டர். தொண்டூரில் பெரியம்மை கண்டிருக்கிறது என்று தகவல் வந்ததும் மருந்தும் தோலைக் கீறும் லேன்செட்டுமாக சைக்கிளில் போனேன். தெருவே கையை நீட்டியது. முனுசாமி வீட்டில் மட்டும் மறுத்துவிட்டார்கள்.

அவருடைய மூத்த மகள் செல்வி மூன்று வருஷத்துக்கு முன்பு பெரியம்மையில் போனவள். நாலு வயசு. இப்போது அவர் மனைவி அஞ்சலையின் மடியில் பத்து மாதப் பெண் குழந்தை. காதுக்குப் பின்னால் செல்விக்கு இருந்த அதே மச்சம்.

"இவ செல்விதான் பாயி. திரும்பி வந்துட்டா," என்றாள் அஞ்சலை. "ஒரு தரம் அம்மை கண்டவங்களுக்கு மறுபடி வராதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க? இவளுக்குத்தான் முன்னமே வந்துட்டுதே."

டிரெயினிங்கில் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை. வேலைக்கு வருமுன் மூன்று வருஷம் மதரசாவில் ஓதியவன் நான். மறுபிறவி இல்லை என்று பழைய இஸ்லாமிய அறிஞர்கள் சொன்ன வாதங்கள் மனப்பாடம்.

"செல்விதான் இவன்னா, பழைய நெனப்பு கொஞ்சமாவது இருக்கணுமே?" என்றேன்.

முனுசாமி என்னைப் பார்த்தார். "பத்து மாசக் கொயந்தையில இன்னா செஞ்சீங்கன்னு உங்களுக்கு நெனப்பு இருக்குதா? அதனால அது நீங்க இல்லன்னு ஆயிடுமா?"

நான் விடவில்லை. "வயித்துல ஒரு உடம்பு உருவாகும்போதே அதுக்குன்னு ஒரு உயிரை ஆண்டவன் குடுத்துடுறான். செல்வி உயிரும் அதுல வந்து பூந்துட்டா, ஒரு உடம்புல ரெண்டு பேரு. உனக்குள்ள ரெண்டு பேரு இருக்கிற மாதிரி என்னிக்காவது தோணியிருக்குதா அஞ்சலை?"

அவள் தன் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தாள்.

"இல்ல பாயி. நான் ஒருத்திதான்."

"இவளும் ஒருத்திதான். இவ வேற."

அஞ்சலை குழந்தையின் கையை நீட்டினாள். போட்டேன். குழந்தை வீறிட்டது. அவள் அதைச் சமாதானப்படுத்தவில்லை.

"அப்ப எம் பொண்ணு எங்க?"

இறைவனிடத்தில் என்று சொன்னேன். அவள் கேட்ட மாதிரி தெரியவில்லை.

எட்டாம் நாள் போய்ப் பார்த்தேன். கொப்புளம் நன்றாக எழும்பியிருந்தது. குழந்தை முனுசாமியின் தோளில் இருந்தது. "செல்வி செத்தப்பகூட அஞ்சலை இப்படி அழுவலை பாயி," என்றார். "கொயந்தையத் தொடவே மாட்டேங்குறா."

அந்தக் குழந்தைக்குக் கடைசிவரை அம்மை வரவில்லை. என் வாதமும் சரியானது என்றே இன்றும் நம்புகிறேன். ஆனால் அன்று அது தேவைப்படவே இல்லை. உயிர் பழசோ புதுசோ, உடம்பு புதுசு, மருந்து உடம்புக்குத்தான் என்று சொல்லியிருந்தால் போதும். அஞ்சலை கையை நீட்டியிருப்பாள். திரும்பி சைக்கிளை மிதிக்கும்போதுதான் இது எனக்குத் தோன்றியது. அதன்பின் போன ஊர்களிலெல்லாம் அதைத்தான் சொன்னேன்.