துரைப் பேயின் பட்டு அங்கி

கல்யாணமான புதிதில், எழுபதுகளின் தொடக்கத்தில், என் மனைவியின் கையைப் பிடிக்க எனக்கு ஒரு வெள்ளைக்காரப் பேய் தேவைப்பட்டது.

வீட்டில் பதினோரு பேர், மூன்று தறி. நானும் அவளும் ஒரே தறியில்தான் உட்காருவோம். சேலையின் உடல் பகுதிக்கு நான் ஊடைநூல் நாடாவை வீச, பக்கத்திலிருந்து அவள் கரைக்கு நாடா தள்ளுவாள். இரண்டு கைக்கும் நடுவே ஒரு சாண் பட்டு. எதிரே ராட்டை சுற்றியபடி அம்மா. அந்த ஒரு சாணைக் கடக்க எனக்கு ஒரு வருஷமாக வழியில்லை.

அமாவாசைக்குத் தறி ஓடாது. அப்படி ஓர் அமாவாசையில்தான் பகல் ஆட்டத்துக்கு அவளை அழைத்துப் போனேன்.

"அமாவாசையும் அதுவுமா பேய்ப் படமாடா?" என்று அம்மா வாசல்வரை வந்து கத்தினாள்.

இங்கிலீஷ் படம். ஒரு வார்த்தை புரியவில்லை. பயத்துக்குப் பாஷை எதற்கு? பாழுங்கோட்டைக் கிணற்றிலிருந்து ஒரு துரை எழுந்தான். ஈரம் சொட்ட, தோளோடு ஒட்டிய சிவப்புப் பட்டு அங்கி; அவன் திரும்பும்போதெல்லாம் அதில் நெருப்பாய் ஒரு மினுக்கம் ஓடியது. அவள் இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பற்றினாள். நகக்குறி நாலு நாள் இருந்தது. அம்மா கேட்டதற்குப் பூனை என்றேன்.

கடைசியில் பேயைக் கொளுத்திவிட்டார்கள். அரங்கமே கைதட்டியது. நான் மட்டும் துக்கம் காத்தேன்.

நல்லவேளை, இரண்டாம் பாகம் வந்தது. சாம்பலாய்ப் போனவன் எப்படி வந்தான் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் இந்த முறை அவள் என் இரண்டு விரலைத்தான் பிடித்தாள்.

"அங்கிய மாத்திட்டாங்க. பருத்தி கலந்துகீது."

"பேயப் பாரும்மா. துணிய எதுக்குப் பாக்குற?"

"பேய் எங்க போவுது? அங்கதான நிக்குது."

மூன்றாம் பாகம்தான் என் குடியைக் கெடுத்தது. படம் பார்க்க வந்ததில் முக்கால்வாசி நெசவாளர்கள். துரை கிணற்றை விட்டு வெளியே வந்தான். அங்கியின் சிவப்பு அவன் வெள்ளைச் சட்டையில் கோடு கோடாக இறங்கியது.

"டேய், சாயம் போவுதுடா!" என்றது முன்பெஞ்சு.

"அலசாம கட்டிக்கினு வந்துட்டாம்பா!"

"எந்தச் சாயப்பட்டறைல போட்டான்னு கேளு. அந்தப் பக்கமே போவக்கூடாது!"

பேய் வாயைப் பிளந்து உறுமியது. ஜனம் அதைவிடப் பெரிதாக வாயைப் பிளந்து சிரித்தது. என் மனைவிக்கு முந்தானையால் வாயைப் பொத்தவே இரண்டு கையும் வேண்டியிருந்தது. நாற்காலிக் கையின்மேல் என் கை அநாதையாகக் கிடந்தது.

நான்காம் பாகத்தில் துரை கிணற்றுப் பக்கமே போகவில்லை. காரில் வந்தான். ஜன்னல் திரையைக் கிழித்துப் போர்த்தியதுபோல் ஓர் அங்கி, அது கார்க் கதவில் மாட்டிக்கொண்டது. அவள் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். எனக்கு வெறுத்துவிட்டது. இனி இந்தப் பேயை நம்பிப் பயனில்லை, நானேதான் பயப்பட வேண்டும்.

"ஐயோ அம்மா!" என்று அலறி அவள் கையைப் பிடித்தேன். கடலை பறந்தது.

"என்னாங்க, இதுக்குப் போயா?"

"பயமா இருக்குது."

"நெசமாவா?"

"கொஞ்சம்."

சிக்கு விழுந்த நூலைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். அறுப்பதா, பிரிப்பதா? பிறகு இன்னொரு கையையும் என் கைமேல் வைத்து அழுத்திக்கொண்டாள். படம் முடிந்து விளக்கு போட்டும் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, "உங்க புள்ள பயந்துட்டாரு அத்தே" என்றாள். அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள். இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டினாள். என் அண்ணன் ஒரு மாதம் தறிக்கு அடியிலிருந்து பேய் மாதிரி உறுமினான். எல்லாவற்றையும் தாங்கினேன்.

ஐந்தாம் பாகத்துக்குச் சுவரொட்டி ஒட்டினார்கள். "அவன் போவக்கூடாது. அவனுக்கு ஆவாது" என்றாள் அம்மா.

"நான் இருக்கேனே அத்தே," என்றாள் என் மனைவி, அத்தனை பேர் முன்னாலும். "கைய கெட்டியாப் புடிச்சிக்கிறேன். எங்கயும் விடமாட்டேன்."

அண்ணன் உறுமினான். நான் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு செருப்பைத் தேடினேன்.