பாலில் போட்ட பச்சைக்கல்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எட்டாவதோடு பேனாவை மூடியவன் நான். ஆனால் அன்று கொட்டிய வியர்வை இப்போது நினைத்தாலும் கொட்டுகிறது.

அக்காவுக்கு நிச்சயமானபோது, வருங்கால மாமியார் தன் விரலிலிருந்து கழற்றிப் போட்டுவிட்ட மோதிரம் அது. நாலு கொக்கியில் நிற்கும் ஒற்றை மரகதம். நிழலில் பீர்க்கன்கரணை ஏரித் தண்ணீர் மாதிரி கரும்பச்சை. வெயிலில் பிடித்தால் உள்ளே விளக்கேற்றியதுபோல் இருக்கும்.

"சோடா பாட்டிலை உடைச்சா இந்த மாதிரி நூறு கிடைக்கும்க்கா" என்று தினமும் சீண்டுவேன். அவள் கரண்டியைத் தூக்குவாள்.

பக்கத்து வீட்டம்மா வந்து பார்த்துவிட்டு, "அசல் மரகதம்னா பால்ல போட்டா பாலே பச்சையாத் தெரியும்" என்றார். அம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது. காலைக் காபி நேரம். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய பால். அதில் மோதிரத்தைப் போட்டாள். பால் பச்சையானதோ இல்லையோ, எடுத்துத் துடைத்தபோது கல் வெளுத்திருந்தது. உள்ளே கல்லடி பட்ட கண்ணாடி மாதிரி வெள்ளைக் கோடுகள்.

அக்கா அதைப் பிடுங்கி மறுபடி மறுபடி துடைத்தாள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "நிச்சயத்துக்குப் போட்ட கல்லு வெடிச்சா ஆகாதும்பாங்களேடா. சாயங்காலம் மாப்பிள்ளையோட அம்மா ஜாக்கெட் அளவு வாங்க வராங்க. மொதல்ல கையத்தானே பாப்பாங்க?"

ஏதாவது நக்கலாகச் சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு மோதிரத்தை வாங்கிக்கொண்டேன்.

குரோம்பேட்டையில் கல் பதிக்கும் வேலை செய்யும் என் நண்பனிடம் மோதிரத்தோடு ஓடினேன். தாம்பரத்தில் ஏறிய ரயிலில் அதைப் பையில் வைக்கவும் பயம், கையில் வைக்கவும் பயம். சுண்டுவிரலில் பாதி வரை மாட்டி, விரலை மடக்கிக்கொண்டே நின்றேன்.

"இன்னாடா, பேயடிச்சா மாதிரி கீற?"

"பால்ல போட்டோம் மச்சான். வெடிச்சிடுச்சு."

"கல்லுக்குக் காபி கலந்தீங்களா?" என்றபடி லென்ஸை வைத்துப் பார்த்தான்.

"டேய், இது இப்ப வெடிச்சதில்ல. மண்ணுலேர்ந்து எடுக்கும்போதே இந்தக் கல்லுல வெடிப்பு கீது. ஜெய்ப்பூர்ல பட்டை தீட்டி எண்ணெயில ஊறப் போட்டுடுவான். எண்ணெய் உள்ள பூந்துக்கினு கோட்டை மறைக்கும். சுடுபால்ல போட்டா எண்ணெய் நிக்குமா?"

ஒரு கிண்ணத்தில் எண்ணெயை இளஞ்சூடாக்கி மோதிரத்தைப் போட்டான். வெளியே ஒவ்வொரு ரயில் போகும்போதும், அதில் அந்தம்மா தாம்பரம் போகிறார் என்றே எனக்குத் தோன்றியது.

வெயில் சாயும் நேரத்தில் எடுத்துத் துடைத்தான். பச்சை திரும்பியிருந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு மயிரிழைக் கோடு மறையவில்லை.

"அவங்க கண்டுபிடிச்சிட்டா அக்கா கல்யாணம் இன்னா ஆவும் மச்சான்?"

"கல்லைப் பாக்கறதுக்கு முன்னாடி உன் மூஞ்சியப் பாத்துடுவாங்களே, அதை எந்த எண்ணெயிலடா ஊறப் போடறது?" என்றான்.