முதல் விமானத்துக்குப் பின்னால்

“அடுப்பை அணைச்சிட்டேங்க, கிளம்பலாம்.”

“எந்த அடுப்பை?”

“நாம என்ன ஓட்டலா நடத்தறோம்? இருக்கறதே ரெண்டு பர்னர். ரெண்டையும்தான் அணைச்சேன். நம்பிக்கை இல்லேன்னா தொட்டுப் பார்த்துக்குங்க.”

அவர் தொட்டே பார்ப்பார். சுட்ட விரலை ஊதிக்கொண்டே செருப்பை மாட்டுவார். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். சட்டை துவைத்தாயிற்று என்றால் எந்தச் சட்டை என்பார். அண்ணன் வந்துவிட்டுப் போனார் என்றால் எந்த அண்ணன் என்பார். “எங்கப்பா எனக்குத் தெரியாம இன்னொருத்தரைப் பெத்து வெச்சிருந்தா சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கறேன்” என்பாள் அவள். அதற்கும் அவர் சிரிப்பதில்லை. முன்பெல்லாம் அவளுக்கு முந்திச் சிரித்துவிடுகிற மனிதர்.

விமான நிலையத்தின் கண்ணாடிக் கோபுரத்தில் உட்கார்ந்து, ஏறுகிற இறங்குகிற விமானங்களுக்கு வழி சொல்வது அவர் வேலை. தெருவில் அவருக்குக் கோபுரத்தார் என்றே பெயர். ஆள் குள்ளம், நாற்காலியை உயர்த்த முடிந்த மட்டும் உயர்த்தி, கால் தரையில் படாமல் உட்காருவார். கண்ணாடியைத் துடைக்க ஆள் இருந்தும், வேலையில் உட்காருமுன் பழைய பனியன் துணியால் தானே ஒரு முறை துடைத்தால்தான் மனம் ஆறும். “கண்ணாடியில ஒட்டின கொசுவும் தூரத்துல வர்ற விமானமும் ஒரே சைஸ்தாங்க. கொசுவுக்கு நான் வழி சொல்லிட்டு இருக்கக் கூடாதில்ல?” என்பார்.

அவருடைய சிநேகிதர்களில் பாதிப் பேருக்கு முகம் கிடையாது, காதில் மாட்டிய ஹெட்போனை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு அவர் கேட்கிற குரல்தான். அந்தக் குரல்களில் ஒன்றுக்குக் கோபுரத்தில் கட்டைத்தொண்டை என்று பெயர் வைத்திருந்தார்கள். ஓடுதளத்தின் கடைக்கோடியில் இருக்கிற பறக்கும் பள்ளியின் ஆசிரியர் அவர். இரண்டே பேர் உட்காரும் சின்ன விமானத்தில் மாணவர்களுக்குப் பறக்கக் கற்றுக் கொடுப்பவர். பேச வாய் திறக்குமுன் தொண்டையை ஒரு முறை செருமுவார். “இன்னைக்குப் புதுப் பொண்ணு ஒண்ணு பக்கத்துல இருக்கு சார். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, மிரண்டுடப் போகுது” என்பார். “என் குரலைக் கேட்டு மிரளாதவ என் பொண்டாட்டி ஒருத்திதான்” என்பார் கோபுரத்தார். பல வருஷப் பழக்கம். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

அன்று மாலை வானம் புகை மூடினாற்போல் மங்கியிருந்தது. பெரிய விமானங்கள் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. முதல் விமானத்துக்கு இறங்க அனுமதி கொடுத்ததும் கோபுரத்தார் மேசைமேல் அதன் எண் எழுதியிருந்த அட்டையை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டார். அவர் கணக்கில் அது தரையைத் தொட்டாயிற்று. ஆனால், உண்மையில் அது இன்னும் வானத்தில்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சின்ன விமானம் அவற்றின் பாதையைக் குறுக்கே கடந்து பள்ளிப் பக்கம் திரும்ப வேண்டியிருந்தது.

“இடப்பக்கம் பெரிய விமானம் ஒண்ணு இறங்குது, தெரியுதா?”

கட்டைத்தொண்டை செருமினார். “தெரியுது சார்.”

“அதுக்குப் பின்னால கடந்து போங்க.”

கடந்தார். அவர் கண்ணில் பட்டது முதல் விமானம். கோபுரத்தார் சொன்னது இரண்டாவதை. முன்னதன் வால் தாண்டட்டும் என்று காத்திருந்து ஒழுங்காகத் திரும்பியவர், பின்னால் வந்துகொண்டிருந்ததன் மூக்குக்கு நேரே போய் நின்றார்.

பெரிய விமானத்தின் எச்சரிக்கைக் கருவி அலறியிருக்கிறது. விமானி வெடுக்கென்று மேலே இழுத்திருக்கிறார். உள்ளே நின்றுகொண்டிருந்த பணிப்பெண் ஒருத்திக்கு மணிக்கட்டு முறிந்தது. அதோடு போயிற்று. கோபுரத்திலிருந்து பார்த்தவருக்குப் புகைமூட்டத்தில் இரண்டு புள்ளிகள் ஒன்றாயின, மறுபடி இரண்டாயின. அந்த இடைவெளியில் அவர் என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. மனைவியிடம் மட்டும் ஒருநாள் சொன்னார்: “மூச்சு விடலை. விட்டா இடிச்சுடும்னு தோணுச்சு.”

விசாரணை நடந்தது. தெரிகிறது என்று சொன்ன பிறகு விலகிப் போவது விமானியின் பொறுப்பு, விதி அப்படி. கோபுரத்தார் மீது குற்றமில்லை என்று எழுதிவிட்டார்கள். கட்டைத்தொண்டையின் உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். பள்ளிக்கு வேறு ஆசிரியர் வந்தார். நல்ல கணீர்க் குரல். அது பேசத் தொடங்குமுன் ஒவ்வொரு முறையும் கோபுரத்தார் ஒரு செருமலுக்காகக் காத்திருந்தார்.

எந்த அடுப்பு, எந்தச் சட்டை என்கிற கேள்வியெல்லாம் அதற்குப் பிறகு வந்தவைதான்.

உரிமத்தைத் திருப்பிக் கேட்டுக் கட்டைத்தொண்டை மேல்முறையீடு செய்திருக்கிறார் என்று காதில் விழுந்ததும், தானும் போய்ச் சாட்சி சொல்வதென்று கோபுரத்தார் முடிவு கட்டினார். மேலதிகாரி அவரைத் தனியே கூப்பிட்டார்.

“உங்க பேர்ல தப்பே இல்லேன்னு எழுதியாச்சு. இப்பப் போய் ஏன்யா வாயைக் கொடுத்து மாட்டிக்கறீங்க?”

“மாட்டிக்கிட்டது அவர் சார்.”

“உங்க மைக்கைப் பிடுங்கிடுவாங்க.”

“தெரியும் சார்.”

சாட்சி சொல்லப் போகிற அன்று காலை மனைவி சட்டையைத் தேய்த்துக் கொண்டுவந்து வைத்தாள். அன்றைக்கு அவர் எந்தச் சட்டை என்று கேட்கவில்லை.

விசாரணைக் கூடத்தில் அவர் பேசியது கொஞ்சம்தான். “முதல் விமானத்தை நான் மனசுக்குள்ள இறக்கிட்டேங்க. அவர் கண்ணுக்கு அது இன்னும் இறங்கலை. ரெண்டு இருக்குன்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லலை.”

கட்டைத்தொண்டைக்கு உரிமம் திரும்பக் கிடைத்தது. கோபுரத்தாரை மறு உத்தரவு வரும்வரை கீழ்த்தளத்தில், யார் எந்த நாள் வேலைக்கு வர வேண்டும் என்று பட்டியல் போடுகிற மேசைக்கு மாற்றினார்கள். அங்கே சன்னல் உண்டு. எதிரே சுவர்தான் தெரியும்.

தீர்ப்புச் சொன்ன அன்று, கூட்டம் கலைந்த நடைக்கூடத்தில் ஒருவர் அவரை நெருங்கி வந்தார். ஒட்டடைக்குச்சி போல நெடுநெடு உயரம், வழுக்கைத் தலை, மீசை கிடையாது. தொந்தியும் மீசையுமாக ஒருவரை இத்தனை காலம் மனத்தில் வைத்திருந்த கோபுரத்தார், வழிகேட்க வந்தவராக்கும் என்று விலகி நின்றார்.

அந்த மனிதர் செருமினார். “நான்தான் சார்.”

கோபுரத்தார் அண்ணாந்து பார்த்தார். குரல் அதே குரல். முகத்தைத்தான் அதோடு ஒட்டவைக்க முடியவில்லை.

“உங்களாலதான் கைக்கு வந்துச்சு. உங்ககிட்ட மறைக்கக் கூடாதுன்னு வந்தேன். நான் இனிமே பறக்கப் போறதில்ல சார்.”

“ஏன்? அதான் குடுத்துட்டாங்களே.”

“போன வாரம் பள்ளியில நின்ன சின்ன விமானத்துல சும்மா ஏறி உட்கார்ந்து பார்த்தேன். எதைப் பார்த்தாலும் அதுக்குப் பின்னால இன்னொண்ணு வர்ற மாதிரியே இருக்கு. தெரியுதுன்னு சொல்ல இனிமே எனக்கு வாய் வராது சார். பக்கத்துல பிள்ளைங்களை வேற உட்கார வெச்சுக்கிட்டு…”

கோபுரத்தார் சுவரில் சாய்ந்தார். கண்களை மூடிக்கொண்டார்.

“என்ன சார், தலை சுத்துதா? உட்காருங்க.”

“இல்ல. நீங்க பேசுங்க.”

“என்ன பேசறது?”

“எதையாவது பேசுங்க.”

கட்டைத்தொண்டை செருமிக்கொண்டு, வெளியே மேகமே இல்லை, காற்றும் அடங்கிக் கிடக்கிறது என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். கோபுரத்தார் கண்ணைத் திறக்கவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து, உள்ளங்கையைக் குவித்துக் காதின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டார்.